ஞாயிறு போக மற்ற ஆறு நாள்

ஆராதனையில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், அறிவிப்புகள் என்பேன். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். காணிக்கைப் பாடலுக்கு முன்னால் சபைச் செயலர் எழுந்து, மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாளை வாசிப்பார். பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் பைக்குள் சில்லறை தேடுவார்கள். சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதும் அப்போதுதான். செவ்வாய் மாலை பெண்கள் சங்கம், இன்னார் வீட்டில். புதன் வேதபாடம். வெள்ளி உபவாச ஜெபம். சனி மாலை பாடகர் குழுப் பயிற்சி. அதற்கு முன்னால் ஆலயத்தைக் கூட்டித் துடைக்க இந்த வாரம் மூன்றாம் வகுப்பாரின் முறை (சபையாரைப் பிரித்த சிறு குழுவைத்தான் வகுப்பு என்கிறோம்). அப்புறம் ஜெபக் குறிப்புகள்: அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், ரத்தம் தேவைப்படும் ஒருவர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வேலை போன ஒரு குடும்பத் தலைவர்.

நல்ல பிரசங்கம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பாட்டும் கிடைக்கிறது, எங்கள் பாடகர் குழு பாடுவதைவிட நன்றாகவே. கிடைக்காதது அந்தத் தாள் ஒன்றுதான். யார் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. மெதடிஸ்ட் சபை என்றால் அந்தத் தாள்தான், ஞாயிறு ஆராதனை அதை வாசிக்கக் கூடுகிற கூட்டம் என்று ஒருமுறை எங்கள் போதகரிடமே சொல்லிவிட்டேன். "என் பிரசங்கம் அவ்வளவு மோசமா?" என்று கேட்டார் ஐயா.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வரலாறும் என் பக்கம்தான் இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791-இல் இறக்கும்வரை இங்கிலாந்து திருச்சபையின் குருவானவராகவே இருந்தார். ஞாயிறன்று அவரவர் ஊர் ஆலயத்துக்குப் போய் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எடுங்கள் என்றுதான் தம் மக்களை வற்புறுத்தினார். அவருடைய சங்கங்கள் கூடியது அந்த நேரத்துக்கு வெளியே: விடியற்காலை ஐந்து மணிக்கு, அல்லது வேலை முடிந்து இரவில். பிரிட்டனில் மெதடிஸ்ட் ஆலயங்களிலேயே திருவிருந்து பரிமாற முறைப்படி வழி பிறந்தது 1795-இல்தான். ஆக, இது தொடங்கியதே வாரநாள் ஏற்பாடாக. ஞாயிறு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இரவு விழித்திருந்து ஜெபிக்கும் விழிப்பு ஆராதனையின் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே உள்ள கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவைச் சாராயக் கடையில் கழித்தவர்கள். மனம் திரும்பியபின் அதே இரவை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். இது ஒழுங்கா என்று வெஸ்லியிடம் சிலர் குறை சொன்னபோது, அவர் அதை நிறுத்தவில்லை. தாமும் போய்ச் சேர்ந்துகொண்டார். பௌர்ணமிக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். நிலா வெளிச்சத்தில் ஜனங்கள் வீடு திரும்பலாம் அல்லவா? ஆராதனை முறைமையைப் பற்றி யோசிக்கும்போதே இருட்டில் நடந்து போகிறவனைப் பற்றியும் யோசித்த அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான ஏற்பாடு வகுப்பு முறை. அது பிறந்தது ஒரு கடனில். பிரிஸ்டலில் 1739-இல் கட்டிய கூடத்துக்கு வாங்கிய கடன் அடையாமல் நின்றது. 1742 பிப்ரவரி 15 அன்று கூடி யோசித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைந்துவிடும் என்றார் கேப்டன் ஃபாய். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று ஒரு குரல். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த இயக்கத்தின் தலையெழுத்தையே மாற்றியது. மிகவும் ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன், கொடுத்தால் வாங்குகிறேன், முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்றார். நீங்களும் ஆளுக்குப் பதினோரு பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்தார்கள். ஒருவன் குடியில் கிடந்தான். இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். நாம் இத்தனை நாளாகத் தேடியது இதைத்தான் என்று பிடித்துக்கொண்டார் அவர். 1743-இல் எழுதிய பொது விதிகளில் வகுப்புத் தலைவரின் வேலையை வரையறுத்தும் விட்டார். தன் வகுப்பில் உள்ள ஒவ்வொருவரையும் வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அவர்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். ஏழைகளுக்கென்று அவர்கள் தருவதை வாங்க வேண்டும். போதகரையும் பொருளாளர்களையும் வாரம் ஒருமுறை சந்தித்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவிக்க வேண்டும். வீடு வீடாகப் போவதற்குப் பதில் வகுப்பாகவே ஓரிடத்தில் கூடும் வழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. சரி, காலப்போக்கில் பல சபைகளில் வகுப்பு என்ற பெயரே தேய்ந்து, பகுதிக் குழு, வீட்டு ஜெபக் குழு என்று ஆகிவிட்டது. எங்கள் சபையில் இன்னும் வகுப்புதான். நான் ஒரு வகுப்புத் தலைவன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.

அந்த நோட்டில் பக்திப் பரவசமாக ஒன்றும் இருக்காது. "மாடிப்படி விளக்கு எரியவில்லை." "மகள் பேசுவதில்லை, கேட்க வேண்டாம்." "திருவிருந்து வீட்டுக்குக் கொண்டு வர ஐயாவிடம் சொல்ல வேண்டும்." இப்படித்தான்.

என் வகுப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மனைவி தவறிய பிறகு தனியாகத்தான் வாழ்கிறார். வாசலில் செருப்பை விடும்போதே குரல் வரும்: "ஜெபம் கடைசியில வச்சுக்கலாம் தம்பி, முதல்ல இந்தக் கடுதாசியைப் படி." ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்த தாளை நான் வாசிக்க, அவர் கேட்டு, இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்துச் சிரிப்பார். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்த நாட்களில் மூன்று சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். மூன்றும் ஒரே அளவு வெள்ளைக் குப்பி, பொடி எழுத்து. அறுவைக் கண்ணோடு அதை எப்படி வாசிப்பது? நான் போன அன்று ஒரு குப்பியில் ஒரு ரப்பர் பேண்டு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று சுற்றியிருந்தது. எனக்கு முன்னால் அந்த வகுப்பைப் பார்த்த அக்கா, அதற்கு முந்தின நாள் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை வேளையோ அத்தனை பேண்டு. தடவிப் பார்த்தால் போதும், கண் வேண்டாம். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து நாளாகியும் அக்கா அந்த வீட்டை விடவில்லை. ஆசிரியரும் அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார், என்னிடம் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த ரப்பர் பேண்டு எனக்குத் தோன்றியிருக்காது.

நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கும் பழைய முறை ஒன்று உண்டு. லண்டனில் வெஸ்லியின் ஆட்கள் நகரத்தை 23 பகுதிகளாகப் பிரித்து, 46 பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். தங்கள் பகுதியில் படுத்திருப்பவரை வாரம் மூன்று முறை பார்க்க வேண்டும், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாதவர்க்கு உதவ வேண்டும், செலவுக் கணக்கை வாரா வாரம் ஒப்புவிக்க வேண்டும். இரண்டு பேராகப் போவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் படுக்கையருகே உட்கார்ந்து பேசும்போது, மற்றவர் அடுப்படியில் நிற்கும் மனைவியிடமோ மகனிடமோ பேசலாம். நோயாளி "நல்லா இருக்கேன்" என்பார். உண்மை நிலவரம் அடுப்படியில் தெரியும்.

பணம் தனிக் கதை. பல மெதடிஸ்ட் சபைகளில் திருவிருந்து ஞாயிறு காணிக்கை, அல்லது அதில் ஒரு பகுதி, ஏழைகள் நிதிக்குப் போகிறது. பெரிய தொகை ஒன்றும் சேராது. அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது போதகருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் மட்டுமே தெரியும். கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதுவதா, எண் மட்டும் போடுவதா என்று எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. தணிக்கைக்குப் பெயர் வேண்டும் என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலை உறையில் ஒட்டிப் போதகரின் பெட்டியில் வைப்பது என்று முடிந்தது. நான் எண் கட்சி. கொடுப்பவன் கை சுத்தமாக இருக்க வேண்டும், சரி. வாங்குகிறவன் தலை குனியாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

வெஸ்லி தம் பொருளாளர்களுக்கு 1747-இல் கொடுத்த அறிவுரையை எங்கள் குழுவில் அடிக்கடி வாசிக்கச் சொல்வேன். உதவ முடியாவிட்டால் ஏழையை வருத்தப்படுத்தாதே. வேறொன்றும் இல்லையென்றால் மென்மையான சொல்லாவது கொடு. முகத்தைச் சுளிக்காதே, கடிந்து பேசாதே. வெறுங்கையோடு திரும்பினாலும் உன்னிடம் வந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம் இருக்கட்டும். இதைக் கடைப்பிடிப்பது பணம் கொடுப்பதைவிடக் கஷ்டம். மூன்றாவது முறையாக அதே ஆள் அதே காரணத்தோடு வந்து நிற்கும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கே தெரியும்.

தானத்தோடு நின்றதில்லை அவர்கள். 1746-இல் வெஸ்லி லண்டனில் ஒரு கடன் நிதி தொடங்கினார். 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு வரை கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்குள் வாரத் தவணையாகத் திருப்ப வேண்டும். கையில் இருந்தது சொற்பப் பணம். ஒரே வருஷத்தில் அதைச் சுழற்றி 250 பேருக்கு உதவியதாக அவரே ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். பின்னாளில் வரம்பு உயர்ந்தது. 1775-இல் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி அந்த நிதியில் 5 பவுண்டு வாங்கித் தன் சின்னப் புத்தகக் கடைக்கு முதல் போட்டார். பிறகு லண்டனின் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவரானார். ஆன பிறகு என்ன செய்தார்? 1791-இல் வெளியிட்ட சுயசரிதையில் மெதடிஸ்டுகளைக் கிண்டலடித்துத் தள்ளினார்! அப்புறம் 1804-இல் மனம் மாறி, எழுதியது தப்பு என்று இன்னொரு புத்தகம் போட்டு, ஆலயங்களும் கட்டிக் கொடுத்தார். நம் சபையில் உதவி வாங்கிப் படித்த பிள்ளை இப்போது ஆலயப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று யாராவது அங்கலாய்த்தால் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அவர் திரும்பி வந்தாரே என்பதற்காக இல்லை. வராமலே போயிருந்தாலும் அந்த 5 பவுண்டு சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது.

சாவு விழுந்த வீட்டில் சபை நன்றாகவே இயங்கும். யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. போதகருக்குத் தகவல் சொல்ல ஒருவர், கல்லறை இடம் பேச ஒருவர், ஆராதனை ஒழுங்குத் தாளை அச்சுக்குக் கொடுக்க ஒருவர். வீட்டுச் சின்னப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஓர் அக்கா எப்போதும் இருப்பார். ஆனால் அன்றைக்கு வருவது சுலபம், ஊரே வரும். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், உறவினர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, அந்த வீட்டில் மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று யோசித்தது எங்கள் பெண்கள் சங்கம்தான். செவ்வாய்க் கூட்டத்தை அந்த வீட்டிலேயே வைப்பார்கள். பெயருக்குத்தான் கூட்டம். விதவையான அம்மாவுக்கு அன்று வீடு கூட்ட ஒரு காரணம், சேலை மாற்ற ஒரு காரணம்.

பெண்கள் சங்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டறிக்கையில் அவர்களுக்கு ஒரே பத்திதான் கிடைக்கிறது. இந்த இயக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே வகுப்புகளைப் பெண்களும் நடத்தினார்கள். 1761-இல் டார்பி ஊரில் சாரா கிராஸ்பி என்பவர் முப்பது பேரை எதிர்பார்த்து வகுப்பு நடத்தப் போனார்; ஏறத்தாழ 200 பேர் வந்து நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச முடியாது. எழுந்து நின்று எல்லோரிடமும் பொதுவாகப் பேசிவிட்டார். பெண் பிரசங்கிக்கலாமா என்ற கேள்வி அப்படித்தான் வெஸ்லியின் முன்னால் வந்தது, அவர் தடுக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் சபையில் முக்கால்வாசிச் சந்திப்பு வேலை பெண்கள் தலையில்தான். நிர்வாகக் குழுவில் முக்கால்வாசி நாற்காலி ஆண்களிடம். இதைக் கூட்டத்தில் சொன்னால் ஐந்து நிமிடம் அமைதி, அப்புறம் கூரை ஒழுகும் விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த வேலையெல்லாம் சபையார் கையிலேயே இருப்பதற்கு, போதகர்கள் நிலையாக இருப்பதில்லை என்பதும் ஒரு காரணம். மெதடிஸ்ட் போதகரை மேலிடம்தான் நியமிக்கிறது, மேலிடம்தான் மாற்றுகிறது. ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பிரசங்கித்தால் நானும் தூங்கிவிடுவேன், சபையில் பெரும்பாலோரும் தூங்கிவிடுவார்கள் என்று வெஸ்லியே 1756-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஐயாவும் அம்மாவும் எங்களோடு பழகி, எந்தப் பாட்டிக்கு எந்தக் காது கேட்காது என்றெல்லாம் தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாற்றல் கடிதம் வந்துவிடும். பிரியாவிடைக் கூட்டம், சால்வை, புகைப்படம், கண்ணீர். அடுத்த மாதம் புதியவர் வருவார். அவருக்கு இந்த ஊர் ஜனங்களைத் தெரியாது. தெரிந்தவர்கள் வகுப்புத் தலைவர்கள், அந்த அக்காக்கள், மணி அடிக்கிற அண்ணன். புதுப் போதகரை முதல் இரண்டு வாரம் வீடு வீடாகக் கூட்டிப் போவது எங்கள் வேலை. எந்த வீட்டில் எதைப் பேசக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுவோம்.

இத்தனை இருந்தும் ஓட்டை உண்டு. கேட்காதவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வேலை போன நடுவயது ஆண்கள் வாய் திறப்பதே இல்லை. ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள், நாங்களும் வேறு சபைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது என்று இருந்துவிடுவோம். கல்யாணம் ஆகாமல் தனியாக இருப்பவர்களை எந்தச் சங்கத்திலும் சேர்க்கத் தெரியவில்லை. வாலிபர் சங்கத்துக்கு வயது தாண்டிவிட்டது, குடும்ப ஐக்கியத்துக்குக் குடும்பம் இல்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அதனால்தான் பந்திவிசாரணைக்கென்று ஏழு பேரை நியமித்தார்கள். அவர்கள் முறுமுறுத்ததால் தெரிந்தது. முறுமுறுக்கவும் தெரியாதவர்களை என்ன செய்வது?

ஜெபக் குறிப்பு வம்பாக மாறுவதும் நடக்கிறது. "அவங்களுக்காக ரொம்ப ஜெபிக்கணும்" என்று தாழ்ந்த குரலில் ஒருவர் ஆரம்பித்தால், பின்னால் வருவது பெரும்பாலும் ஜெபம் இல்லை. இப்போது சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் நோயின் பெயரைத் தாளில் எழுதக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். "சுகவீனமாக இருக்கிறார்" என்று மட்டும் வரும். அதற்கும் சிலருக்கு வருத்தம்: என்ன வியாதி என்று தெரியாமல் எப்படிக் குறிப்பாக ஜெபிப்பது என்கிறார்கள். கடவுளுக்குத் தெரியும் அண்ணே, நீங்க சும்மா ஜெபம் பண்ணுங்க என்று செயலர் சொல்லிவிட்டார்.

வாட்ஸ்அப் குழு வந்ததிலிருந்து இன்னொரு சிக்கல். ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று செய்தி வந்த பத்து நிமிடத்தில் கை கூப்பும் படம் வரிசையாக வந்து விழும். எல்லோரும் விசாரித்தாகிவிட்ட திருப்தி எல்லோருக்கும். போய்ப் பார்த்தால் வார்டில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். குழுவை மூடச் சொல்லவில்லை. ரத்தம் தேவை என்றால் அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் எங்கள் வகுப்புத் தலைவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். கை கூப்பும் படத்துக்குக் கீழே, "நாளை நான் போகிறேன்", "வியாழன் நான்" என்று பெயரும் கிழமையும் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வகுப்புத் தலைவர் போயாக வேண்டும். ஓரளவு நடக்கிறது.

ஆள்தான் போதவில்லை. மூன்று வகுப்புகளுக்குத் தலைவர் இல்லை. இருப்பவர்களே பங்கு போட்டுப் பார்க்கிறோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் நழுவிவிடுகிற ஒரு மின்வேலைக்காரர் இருக்கிறார். ஆலயத்து மின்விசிறி நின்றால் வருவார், கூலி வாங்க மாட்டார். அவரிடம் கேட்டேன். சத்தமாக ஜெபிக்கச் சொல்லக் கூடாது, அப்படியென்றால் வருகிறேன் என்றார். புதுப் போதகரிடம் சொன்னேன். ஜெபிக்காத வகுப்புத் தலைவரா என்று ஒரு நிமிடம் யோசித்தார். அவரோடு கூட இன்னொருவர் போகட்டும், அவர் ஜெபிக்கட்டும் என்றார். இரண்டு பேராகப் போவது எப்படியும் முறைதானே. அடுத்த மாதத்திலிருந்து எட்டு வீடு கொடுத்திருக்கிறோம். முதல் வீடாக, மாடிப்படி விளக்கு எரியாத வீட்டை.